அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் திருமுறைச் சேர்ந்திசை

திருமுறைச் சேர்ந்திசை என்பது தேவாரம், திருவாசகம் முதலிய பன்னிரு திருமுறைப் பாடல்களைப் பலர் குழுவாகக் கூடிப் பாடும் வழக்கம் ஆகும். இவ்வாறு பாடும் குழுவினர் திருக்கூட்டம், சிவனடியார் திருக்கூட்டம், வார வழிபாட்டு மன்றம் எனப் பல பெயர்களில் அழைக்கப்படுகின்றனர். கோயிலில் ஓதுவார் ஒருவர் தனித்துப் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் திருமுறையைத் தனிப்பாடலாகவே கருதுவது உண்டு. ஆனால் பதிகம் பாடுவதற்கெனச் சோழர் காலத்தில் ஏற்படுத்தப்பட்ட மிகப் பெரிய அமைப்பு ஒரு குழுவே ஆகும். அந்த மரபு இன்று மார்கழி அதிகாலையிலும், நாயன்மார் குருபூசை நாட்களிலும், முற்றோதல் நிகழ்வுகளிலும் தொடர்கிறது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து பிரிந்த அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக உள்ளது. இப்பகுதியின் தலங்களைப் பற்றித் தேவாரத்தில் 9 பதிகங்களும், திருவிசைப்பாவில் 1 பதிகமும் உள்ளன. இப்பத்துப் பதிகங்களையும் அவற்றுக்குரிய பண்களோடு பாடுவோர் இருக்கும் வரையில்தான் இவை இசைப்பாடல்களாக நிலைத்திருக்கும். இல்லையெனில் அச்சு நூலில் செய்யுளாக மட்டுமே எஞ்சும்.

சொல் விளக்கம்

பதிகம்: பெரும்பாலும் 10 அல்லது 11 பாடல்கள் கொண்ட தொகுதி. ஒரு தலத்து இறைவனைப் பற்றியோ, ஒரு பொருளைப் பற்றியோ அமைவது. கல்வெட்டுகளில் இது திருப்பதியம் எனப்படுகிறது.

திருமுறை: சைவப் பாடல்களின் தொகுப்பு. மொத்தம் 12. முதல் மூன்று திருஞானசம்பந்தர் பாடியவை. அடுத்த மூன்று திருநாவுக்கரசர் பாடியவை. ஏழாவது சுந்தரர் பாடியது. இவ்வேழும் தேவாரம் எனப்படும். எட்டாவது மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும். ஒன்பதாவது திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும். பன்னிரண்டாவது சேக்கிழாரின் பெரியபுராணம்.

பண்: பழந்தமிழ் இசையில் ஒரு பாடலுக்கு உரிய சுர அமைப்பு. இன்றைய கர்நாடக இசையின் இராகத்துக்கு ஒப்பானது. தேவாரப் பதிகங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பண்களில் அமைந்துள்ளன.

முற்றோதல்: ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை ஒரே அமர்வில் பாடி முடித்தல். திருவாசக முற்றோதலில் 51 பகுதிகளில் உள்ள 658 பாடல்களும் காலை தொடங்கி மாலை வரை பாடப்படும்.

வரலாறு

திருப்பதியம் பாடுவோரைப் பற்றிய பழைய சான்றுகளில் ஒன்று வேலூர்ப் பகுதியில் உள்ள திருவல்லம் கோயில் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்கும் நிவந்தத்தில் பங்கு ஒதுக்குகிறது. எனவே சோழப் பேரரசு உருவாகும் முன்பே கோயில்களில் பதிகம் பாடப்பட்டது உறுதியாகிறது.

இவ்வழக்கத்தைப் பெரிய அளவில் நிலைப்படுத்தியவர் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவரது 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்த செய்தியைத் தருகிறது. ஆக மொத்தம் 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 3 குறுணி நெல் அளக்கப்பட்டது. 12 குறுணி கொண்டது ஒரு கலம் என்ற கணக்கில், இக்குழுவுக்காக ஒரு நாளைக்கு பன்னிரண்டரைக் கலம் நெல் செலவானது. பாடுவோரின் பெயர்கள் கல்லில் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டுள்ளன. பல பெயர்கள் ‘சிவன்’ என முடியும் தீட்சைப் பெயர்கள்.

இக்கல்வெட்டில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பாடுவோரில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதையும் அது வகுத்துச் சொல்கிறது. அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறு ஒருவரைக் கொண்டு பாடச் செய்ய வேண்டும். உறவினரே இல்லையென்றால், குழுவில் எஞ்சியிருப்பவர்கள் தகுதியான ஒருவரைத் தாங்களே தேர்ந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இடம் காலியானாலும் பாட்டு நிற்கக்கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம். 50 பேர் கொண்ட குழுவில் புதியவர் ஒருவர் வந்தால், மற்ற 49 பேரோடு சேர்ந்து பாடியே அவர் கற்றுக்கொள்ள முடியும். ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் மரபில் அவர் மறைந்தால் பாடமும் அவரோடு மறையும்.

பண் மீட்ட கதை

தேவாரப் பதிகங்கள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இந்நூலை இயற்றியவர் உமாபதி சிவாசாரியார் எனக் கருதப்படுகிறது. சோழ மன்னன் ஒருவன் பதிகங்களின் மீது விருப்பம் கொண்டு, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையை நாடினான். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது ஓலைகள் செல்லரித்துக் கிடந்தன. எஞ்சியவற்றை நம்பி தொகுத்தார். பாடல்கள் கிடைத்தும் அவற்றுக்குரிய பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவரைக் கொண்டு பண்களை வகுத்தனர் என்பது புராணச் செய்தி.

திருஎருக்கத்தம்புலியூர் இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்குகிறது. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் உள்ளது. அரியலூர் மாவட்ட எல்லைக்கு அருகில் இருக்கும் இவ்வூரே திருஞானசம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பிறப்பிடம். அவருடன் அவர் மனைவி மதங்கசூளாமணியும் சென்று பாடியதைப் பெரியபுராணம் கூறுகிறது.

இந்தக் கதையை வரலாறாக அப்படியே ஏற்க இயலாது. கதையில் வரும் சோழன் யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. திருவல்லம் கல்வெட்டு காட்டுவதுபோல், பதிகம் பாடும் வழக்கம் அதற்கு முன்பே பல இடங்களில் இருந்தது. ஆயினும் கதை உணர்த்தும் செய்தி தெளிவானது. பாடலின் சொற்களை ஓலை காத்தது. பாடலின் இசையைக் காத்தது ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாடிய பழக்கம். ஆண்களே பெரும்பாலும் ஓதுவாராக இருந்த மரபில், பண்ணை மீட்டுத் தந்தவர் ஒரு பெண் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தலங்களும் பதிகங்களும்

அரியலூர் மாவட்டத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் மூன்று. திருவிசைப்பாப் பெற்ற தலம் ஒன்று.

திருமழபாடி: கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள வைத்தியநாத சுவாமி கோயில். இத்தலத்துக்கு 6 பதிகங்கள் உள்ளன. சம்பந்தர் பாடியவை மூன்று. அவை முறையே இந்தளம், கொல்லி, கௌசிகம் ஆகிய பண்களில் அமைந்தவை. திருநாவுக்கரசர் பாடியவை இரண்டு. இரண்டும் திருத்தாண்டகங்கள். சுந்தரர் பாடியது ஒன்று. அதன் பண் நட்டராகம். சுந்தரர் இத்தலத்துக்கு வந்த வரலாற்றைப் பெரியபுராணம் விவரிக்கிறது. அவர் தென்கரையில் திருவாலம்பொழிலில் துயின்றபோது இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயோ என்று கேட்டதாகவும், விழித்தெழுந்த சுந்தரர் உடனே ஆற்றைக் கடந்து வந்து பாடியதாகவும் அது கூறும். தமிழகத்தில் பரவலாகப் பாடப்படும் தேவாரப் பதிகங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அது திருமழபாடிக்கு உரியது என்பதைப் பாடுவோர் பலர் அறிவதில்லை.

கீழப்பழுவூர்: அரியலூருக்குத் தெற்கே உள்ள ஆலந்துறையார் கோயில். தேவாரத்தில் பழுவூர் எனக் குறிக்கப்படுவது. சம்பந்தர் பாடிய 1 பதிகம் உள்ளது. பண் இந்தளம். மலையாள நாட்டு அந்தணர்கள் இங்கு வழிபட்ட செய்தி இப்பதிகத்தில் உள்ளது. பழுவேட்டரையர்களுக்கும் சேர நாட்டுக்கும் இருந்த தொடர்பை ஆராய்வோர் இதைச் சான்றாகக் காட்டுவர். பாடல் வரலாற்று ஆவணமாகவும் பயன்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோவிந்தபுத்தூர்: உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டியுள்ள ஊர். தேவாரத்தில் திருவிசயமங்கை எனப்படும் தலம். அருச்சுனன் வழிபட்டதால் இப்பெயர் வந்தது என்பது தல வரலாறு. சம்பந்தர் பாடிய 1 பதிகம், திருநாவுக்கரசர் பாடிய 1 பதிகம் என 2 பதிகங்கள் உள்ளன. சம்பந்தர் பதிகத்தின் பண் காந்தாரபஞ்சமம். நாவுக்கரசர் பதிகம் திருக்குறுந்தொகை என்னும் வகையைச் சேர்ந்தது. இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் உத்தம சோழன், முதலாம் இராசராசன் ஆகியோரிடம் அதிகாரியாக இருந்த அம்பலவன் பழுவூர் நக்கன்.

கங்கைகொண்ட சோழபுரம்: முதலாம் இராசேந்திரன் எடுத்த தலைநகரம். இங்குள்ள கோயில் 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தேவார மூவர் காலத்துக்குப் பிந்தைய கோயில் என்பதால் தேவாரம் இல்லை. கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம் 1 உள்ளது. பண் பஞ்சமம். இதே புலவர் தஞ்சை இராசராசேச்சரத்தையும் பாடியுள்ளார். தந்தை கட்டிய கோயிலையும் மகன் கட்டிய கோயிலையும் ஒரே புலவர் பாடியிருப்பது இவற்றின் சிறப்பு.

பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில், செட்டிகுளம் ஏகாம்பரேசுவரர் கோயில் முதலிய பழைய சிவன் கோயில்கள் உள்ளன. இக்கோயில்களில் பொதுப் பதிகங்களும் திருவாசகமும் பாடப்படும்.

பண்ணும் இராகமும்

மேலே கூறிய 10 பதிகங்களில் 7 பதிகங்கள் பண் வகுக்கப்பட்டவை. அவற்றில் வரும் பண்கள் ஆறு. ஓதுவார் மரபில் இவை இன்று கீழ்க்கண்ட இராகங்களில் பாடப்படுகின்றன.

இந்தளம்: மாயாமாளவகௌளை
கொல்லி: நவரோசு
கௌசிகம்: பைரவி
நட்டராகம்: பந்துவராளி
காந்தாரபஞ்சமம்: கேதாரகௌளை
பஞ்சமம்: ஆகிரி

திருத்தாண்டகம் பெரும்பாலும் அரிகாம்போதியில், தாளக் கட்டு இல்லாமல் விருத்தமாகப் பாடப்படும். பாடல்களைத் தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம் எனவும், தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம் எனவும் வழங்கும். தாளம் நெறிப்படுத்துவதால் பண்ணாங்கமே குழுப்பாடலுக்கு எளிது. சுத்தாங்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நீட்டினால் குழு சிதறிவிடும். அதனால் ஒருவர் முன்னே பாட, மற்றவர் தொடர்வதே வழக்கம்.

பண்களுக்கும் இராகங்களுக்கும் உள்ள இத்தொடர்பை நூல்கள் எல்லாம் ஒரே மாதிரியாகக் கூறுவதில்லை. சில பண்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இராகங்கள் சொல்லப்படுகின்றன. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1943இல் தொடங்கப்பட்டு, 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வருகிறது. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராகச் சென்று பண்களைப் பாடிக்காட்டி விளக்கினார். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய ஒலிப்பதிவுகள், ஆசிரியர் இல்லாத ஊர்களிலும் பண்ணோடு பாடக் கற்க உதவுகின்றன.

குழுவாகப் பாடும் முறை

திருக்கூட்டத்தில் ஒருவர் முன்னோடியாகப் பாடுவார். அவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவர். பழகிய பதிகங்களை அனைவரும் சேர்ந்தே பாடுவர். சில இடங்களில் ஆண்கள் ஒரு பாடலும் பெண்கள் அடுத்த பாடலும் மாறி மாறிப் பாடுவதுண்டு. சுருதிப்பெட்டி, கைத்தாளம் ஆகியவை இன்றியமையாதவை. வசதிக்கேற்ப ஆர்மோனியமும் மிருதங்கமும் சேரும்.

கோயிலில் வழிபாட்டின் முடிவில் பஞ்சபுராணம் பாடப்படும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் பாடுவதே பஞ்சபுராணம். நேரம் குறைவாக உள்ள நாளிலும் திருமுறைகளின் பரப்பைக் குறுகிய அளவில் தொட்டுச் செல்ல இம்முறை உதவுகிறது.

பதிகத்தின் அமைப்பே குழுப்பாடலுக்குத் துணைசெய்கிறது. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடல் இராவணனைப் பற்றியும், ஒன்பதாம் பாடல் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடியதைப் பற்றியும், பத்தாம் பாடல் சமணர், பௌத்தர் பற்றியும் பேசும். கடைசிப் பாடலான திருக்கடைக்காப்பில் பாடியவர் பெயரும் பாடுவதன் பயனும் வரும். இவ்வொழுங்கு தெரிந்தால் நூல் இல்லாமலே அடுத்த பாடல் எது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பாடலின் முடிவிலும் திரும்பி வரும் ஊர்ப்பெயரைப் புதிதாகச் சேர்ந்தவரும் குழந்தைகளும் முதல் நாளிலேயே சேர்ந்து பாட முடியும்.

மேலைநாட்டுச் சேர்ந்திசையுடன் ஒப்பீடு

மேலைநாட்டுத் தேவாலயப் பாடகர் குழுவில் பெண் குரல்கள், ஆண் குரல்கள் என நான்கு பிரிவுகள் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு பிரிவினரும் வெவ்வேறு சுர வரிசைகளைப் பாடுவர். அவை இணைந்து ஒலிக்கும். 1893இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் இவ்வகை இசையைச் சென்னையில் பாடிவரும் பழைய குழு. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு தமிழ்ப் பாடல்களை இம்முறையில் பாடியது.

திருமுறைச் சேர்ந்திசையில் அனைவரும் ஒரே சுர வரிசையைப் பாடுவர். ஐரோப்பாவின் பழைய கிரெகோரியன் பாடல் முறையும் இத்தகையதே. இரு முறைகளும் சந்தித்த ஒரு முயற்சி இளையராஜா 2005இல் வெளியிட்ட ‘திருவாசகம்’ ஆகும். மாணிக்கவாசகரின் பாடல்களைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன், பல குரல் சேர்ந்திசையோடு அமைத்தார். 2025 சூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளில் அவரது இசை நிகழ்ச்சி நடைபெற்றது.

ஆண்டு வட்டம்

திருமுறை பாடும் பருவம் மார்கழியில் உச்சம் பெறுகிறது. மார்கழி முதல் நாள் ஆங்கில நாட்காட்டியில் டிசம்பர் நடுவில் வரும். சுமார் 30 நாட்களும் விடியலுக்கு முன் கோயில்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களும், திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களும் பாடப்படும். பெருமாள் கோயில்களில் ஆண்டாளின் திருப்பாவை 30 பாடல்கள். வாசலில் கோலமிட்டுப் பறங்கிப்பூ வைத்த தெருக்களின் வழியே பஜனைக் குழுவினர் பாடிச் செல்வதும், பாடி முடித்த சிறுவர்களுக்குக் கோயிலில் சுடச்சுடப் பொங்கல் தருவதும் இரு மாவட்டங்களிலும் காணக்கூடியவை. திருவாதிரை நாளில் ஆருத்திரா தரிசனம் நடைபெறும். திருவெம்பாவை கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்து அரச சடங்கான திரியம்பாவாய் இதன் பெயரைத் தாங்கியுள்ளது.

மார்கழிக்குப் பிந்தைய நாட்கள் வருமாறு:

மாசி: மகாசிவராத்திரி. நான்கு கால வழிபாட்டுக்கு இடையில் இரவு முழுவதும் பாடல்.
பங்குனி: புனர்பூசத்தன்று திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணம். திருவையாற்றிலிருந்து நந்தியும் ஐயாறப்பரும் கொள்ளிடம் கடந்து எழுந்தருள்வர்.
சித்திரை: சதயம், திருநாவுக்கரசர் குருபூசை.
வைகாசி: மூலம், திருஞானசம்பந்தர் குருபூசை.
ஆனி: மகம், மாணிக்கவாசகர் குருபூசை.
ஆடி: சுவாதி, சுந்தரர் குருபூசை. திருவாதிரை, இராசேந்திர சோழன் பிறந்த நாள் விழா, கங்கைகொண்ட சோழபுரம்.
ஐப்பசி: முழுநிலவில் அன்னாபிடேகம், கங்கைகொண்ட சோழபுரம். சதயம், இராசராசன் சதய விழா, தஞ்சாவூர்.

நால்வர் குருபூசை நாட்களில் அந்தந்த அருளாளர் பாடிய உள்ளூர்ப் பதிகத்தைப் பாடுவது பொருத்தமானது. ஆடிச் சுவாதியில் சுந்தரரின் மழபாடிப் பதிகமும், வைகாசி மூலத்தில் சம்பந்தரின் பழுவூர்ப் பதிகமும் பாடினால், ஆண்டு வட்டமே ஒரு பாடத்திட்டமாக அமையும்.

இப்பகுதியின் பிற மரபுகள்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலிலும் மற்ற வைணவக் கோயில்களிலும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஓதும் மரபு உண்டு. பிரபந்தத்தைக் கோட்டியாராகச் சேர்ந்து சேவிப்பதே வைணவ வழக்கம். எனவே அங்கும் குழுவே மரபைத் தாங்குகிறது.

கொள்ளிடக் கரையில் உள்ள ஏலாக்குறிச்சி, கத்தோலிக்கத் திருத்தலம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இங்கு வாழ்ந்து பணியாற்றினார். இவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரை வழங்கி, அடைக்கல மாதாவின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவத்தில் கிறித்தவப் பொருளைப் பாடியது அவரது சிறப்பு. தவக்காலம், உயிர்ப்புப் பெருவிழா, கிறிஸ்துமஸ் ஆகியவை தேவாலயப் பாடகர் குழுக்களின் முக்கியமான பருவங்கள்.

இன்றைய நிலை

இந்து சமய அறநிலையத் துறை ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. தருமபுரம் ஆதீனம் போன்ற சைவ மடங்களும் தேவாரப் பாடசாலைகளை நடத்துகின்றன. பெண்களும் ஓதுவாராக நியமிக்கப்படுகின்றனர். 2021இல் தாம்பரம் அருகே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவார் பணியமர்த்தப்பட்டார். ஆயினும் ஓதுவார் பணியிடம் இல்லாத சிறிய கோயில்கள் பல உள்ளன. அங்கெல்லாம் திருமுறை ஒலிப்பது, ஊதியம் இல்லாமல் கூடிப் பாடும் உள்ளூர்க் குழுக்களால்தான். வயல் வேலை, ஆலை வேலை, அலுவலகம், பள்ளி ஆகியவற்றுக்கு இடையே இவர்கள் நேரம் ஒதுக்குகின்றனர். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் பங்கேற்பது இக்குழுக்களின் வலிமை.

இக்குழுக்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சில உள்ளன. முதலாவது, பண் மறைதல். தெரிந்த ஓரிரு மெட்டுகளிலேயே எல்லாப் பதிகங்களையும் பாடத் தொடங்கினால், சொற்கள் நிலைக்கும், பண் மறையும். எருக்கத்தம்புலியூர்க் கதையில் சொல்லப்படும் நிலை மீண்டும் வரும். இரண்டாவது, உள்ளூர்ப் பதிகம் மறத்தல். எங்கும் பாடப்படும் புகழ்பெற்ற பாடல்கள் மட்டும் நிலைத்து, திருவிசயமங்கைப் பதிகம் போன்றவை அவ்வூரிலேயே கேட்கப்படாமல் போகக்கூடும். மூன்றாவது, வயது. மூத்தோர் மட்டுமே உள்ள குழுவில் ஓர் இடம் காலியானால் நிரப்ப ஆள் இருக்காது. ஒலிபெருக்கியில் பதிவுகளை ஒலிக்கவிடுவது கேட்போருக்குப் பயன்படும். ஆனால் அது பாடுவோரை உருவாக்காது.

கற்க விரும்புவோருக்கு

இப்பகுதி மாணவர்களுக்கும் புதிய குழுக்களுக்கும் உள்ளூர்ப் பதிகங்கள் பத்தும் ஏற்ற பாடத்திட்டமாகும். மொத்தப் பாடல்கள் நூற்றைச் சற்றே தாண்டும். மாதம் ஒரு பதிகம் என்றால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஆறு பண்கள், தாண்டகம், குறுந்தொகை ஆகிய வகைகள் எல்லாம் பழக்கமாகும். கற்கும் வரிசை இவ்வாறு அமையலாம்:

1. முதலில் பாடலைச் சொல் பிரித்துப் படித்துப் பொருள் அறிதல். சீர் பிரித்த அச்சு நூலைப் பார்த்துத் தவறான பிரிப்பைத் தவிர்த்தல்.
2. சுந்தரரின் மழபாடிப் பதிகத்தில் தொடங்குதல். பலர் முன்பே கேட்டிருப்பதால் எளிதில் பழகும்.
3. ஓதுவாரிடம் நேரில் கேட்டல். இயலாத இடத்தில் ஓதுவார்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு நாளுக்கு ஓர் அடி வீதம் திரும்பப் பாடுதல்.
4. அதே பண்ணில் அமைந்த இரண்டு பதிகங்களை அடுத்தடுத்துக் கற்றல். இந்தளத்தில் மழபாடியும் பழுவூரும் உள்ளன. இதனால் பண் தனியே மனத்தில் பதியும்.
5. கற்ற பதிகத்தை அந்தத் தலத்துக்கே சென்று, குழுவாகப் பாடுதல்.

தஞ்சைக் கல்வெட்டு 48 பேரை நியமித்ததோடு நிற்கவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதியது. அந்த விதியை இன்று நெல் அளந்து நடைமுறைப்படுத்துவோர் இல்லை. ஒவ்வொரு திருக்கூட்டமும் மூத்தவர் பாடிக்கொண்டிருக்கும்போதே இளையவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திப் பாட வைப்பதே அதற்கு ஈடான வழியாகும்.